நூற்றுக்கு நூறு உறுதி

தையல் ஆலைப் பெண்களை ஏற்றும் காமென்ஸ் பஸ்ஸில் ஏறினால் கஜேந்தினி உட்காரமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, "ஆருக்கெல்லாம் ஈ.பி.எவ். கடுதாசி வந்தது? பேரும் ஐ.டி. நம்பரும் சரியோ எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்பாள். பிரிக்காமலே அலுமாரிக்குள் போட்டவர்கள் பேச்சு வாங்குவார்கள். "அம்பது வயசிலை ஊசிக்கு நூல் கோக்கக் கண் தெரியாதடி. அப்ப ஆர் சோறு தாறது, சுப்பவைசரோ?" பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கும்.

வயது இருபத்தேழு. கிளிநொச்சித் தையல் ஆலையில் எட்டு வருடமாகச் சட்டைக்குக் கொலர் பொருத்துகிறாள். அச்சடித்த எதையும் விரல் வைத்து வாசிப்பாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைக்கூட விடமாட்டாள். அண்ணன் பிரசாந்தனுக்கு அவளைப் பற்றிப் பெருமை சொல்லி முடியாது. வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டப் போகிற இடமெல்லாம் தங்கச்சி புராணம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவராது. ஆவணியில் அவளுக்குக் கலியாணம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் ஈ.பி.எவ். என்கிற ஊழியர் சேமலாப நிதியை முன்பே எடுக்கலாம். அதை எடுத்துக் காணி வாங்கவேண்டும் என்பது அண்ணனின் கட்சி. படிவத்தைக்கூட அழகாக நிரப்பி வைத்துவிட்டான். அவள் கையெழுத்துத்தான் பாக்கி.

"பாண் விலை ஏறேக்கை உன்ரை ஈ.பி.எவ். ஏறினதோ? காணியெல்லோ ஏறினது!"

"சண்டைக்குள்ளை ஓடேக்கை காணியைத் தூக்கிக்கொண்டே ஓடினனாங்கள்?"

"திரும்பி வரேக்கை அதுதானே அதே இடத்திலை கிடந்தது!"

ஒரு கிழமை யோசித்தாள். "காணி பிழையில்லை அண்ணை. என்ன காணி எண்டதுதான் கதை" என்று இறங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வீரகத்தியர் முற்பணம் கேட்டு வந்தார். தர்மபுரத்தில் ரோட்டுக்கரையில் இரண்டு பரப்புக் காணி. அடுத்த ஞாயிறு கிடைக்காதாம்.

"உறுதி இருக்கோ ஐயா?"

"நூற்றுக்கு நூறு உறுதி, பிள்ளை. நானெல்லோ சொல்லுறன்!"

"நீங்கள் சொல்லுறதில்லை ஐயா. காணி உறுதி. காணி ஆருக்குச் சொந்தம் எண்டு எழுதின கடுதாசி."

அவர் பையைத் துழாவி ஒரு தாளை நீட்டினார். கஜேந்தினியின் விரல் வரி வரியாக இறங்கி, பாதியில் நின்றது. "இது அரசாங்கக் காணிக்குக் குடுக்கிற பெர்மிற்றெல்லோ! பிரதேச செயலகம் ஓம் எண்டாத்தான் கைமாறும். துண்டு போட்டு விக்கேலாது எண்டும் கிடக்கு."

"இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் வாங்கிறவை."

"எல்லாரும் வாசிக்கேல்லைப் போல."

வீரகத்தியர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினார். அந்த மனிதர் முன்பு நாலுதரம் "உறுதி, உறுதி" என்று சொன்னதைப் பிரசாந்தன் காணி உறுதி என்றே நம்பியிருந்தான். பிறகு கதிரைக் கையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "மனுசன் என்னையெல்லோ பேய்க்காட்டப் பாத்தது! உன்னட்டை வாய் குடுத்து மாட்டிப்போட்டுது!"

அவள் அண்ணன் நிரப்பி வைத்த ஈ.பி.எவ். படிவத்தை நாலாகக் கிழித்தாள். "நான் வேலையை விடேல்லை அண்ணை. என்னைக் கட்டப்போறவரிட்டையும் சொல்லிப்போட்டன். உறுதிக் காணி வரட்டும், நானும் அவருமாச் சேத்து வாங்குவம்." கொஞ்சம் பொறுத்து, "அது சரி, டைல்ஸ் ஒட்டுற உங்களுக்கு ஆர் ஈ.பி.எவ். கட்டுறது?" என்று கேட்டாள்.

"எனக்கோ? முழங்கால் மடங்குமட்டும் வேலை இருக்கு."

"மடங்காட்டி?"

கஜேந்தினி தன் கைப்பையிலிருந்து சுயதொழில் செய்வோருக்கான ஓய்வூதியப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். அண்ணனின் சட்டைப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை உருவினாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.