பத்தொன்பது கல்படி

நானும் இவரும் வேலை செய்யிற தவறணை மொன்றியல் பழைய துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற இருநூறு வருசக் கல் வீடு. ஜோர்ஜ் எண்ட பேரில ராசாமார் இங்கிலாந்தை ஆண்ட காலத்துப் பாணியாம். நடுவில வாசல், அந்தப் பக்கம் ரெண்டு ஜன்னல், இந்தப் பக்கம் ரெண்டு ஜன்னல், மேல்மாடியிலயும் அதே ஒழுங்கு. கோடையில சனம் ரோட்டில நிண்டு படம் எடுக்கும். வடிவெல்லாம் மேல குடிக்கச் சாப்பிட வாறவைக்குத்தான். எங்கட குசினி நிலத்துக்குக் கீழ, ஒரு ஜன்னலும் இல்லை. விடிய இறங்கினால் பின்னேரம்தான் வெளிச்சம் காணுறது.

என்ர பேர் யோகராணி. மீன், மரக்கறி வெட்டுறது நான். என்ர மனுசன் நகுலேஸ்வரன் இருபத்தொரு வருசமாச் சாப்பாட்டுத் தட்டுகளை மேல கொண்டுபோறார். பத்தொன்பது கல்படி, எல்லாம் நடுவில தேஞ்சு குழிஞ்சுபோச்சு. முழங்கால் ரெண்டும் முடிஞ்சுது. வயசு அறுபத்திரண்டு. இன்னும் மூண்டு வருசம் இழுத்தால் பென்சன். அதுவரைக்கும் காலும் தாங்கவேணும், வேலையும் இருக்கவேணும். வேறொண்டும் நாங்கள் கேக்கேல்லை.

சாப்பாடு ஏத்த ஒரு சின்ன லிப்ட் பூட்ட முதலாளி எட்டு வருசத்துக்கு முதலே நகரசபையிட்ட அனுமதி கேட்டவர். பழைய கட்டடத்தில புதுசா ஓட்டை போடேலாதாம். அப்ப பார்க்க வந்த ஆள் குசினிச் சுவரில இருந்த மாடத்தைக் காட்டி, நான் அதில வைச்ச பிள்ளையார் படத்தை எடுக்கச் சொன்னார். மீன் வெட்டின கையோட சாமியை அசைக்கிறதோ? அதுவும் வெள்ளிக்கிழமை. மாட்டன் எண்டுபோட்டன். அவரும் அப்பிடியே போயிட்டார்.

இந்த வருசம் முதலாளி திருப்பிக் கேட்க, கத்தரின் எண்ட பொம்பிளை வந்தா. பழைய கட்டடங்களைப் பற்றிப் படிச்சவ. படத்துக்குப் பின்னால ஒருக்கால் பார்க்கலாமோ எண்டு மரியாதையாக் கேட்டா. நான் கை கழுவி, கும்பிட்டு, படத்தை இறக்கினன். மாடத்தின்ர பின்பலகையைக் கழட்டினால், மேல்மாடி வரைக்கும் நேர ஒரு ஓட்டை, துருப்பிடிச்ச கப்பியும் தொங்குது. அந்தக் காலத்தில வேலைக்காரர் துரைமாரின்ர கண்ணில படக்கூடாதாம். சாப்பாட்டைக் கயித்தில கட்டி மேல இழுத்தவையாம். ஓட்டை முதலே இருக்கிறபடியா லிப்ட் பூட்டத் தடையில்லை எண்டா.

 எட்டு வருசம் இந்த மனுசன் ஏறி இறங்கினது என்ர பிடிவாதத்தால.

"என்னை மன்னியுங்கோப்பா" எண்டு இவரிட்டச் சொன்னன்.

"விடப்பா, உனக்கென்ன தெரியும்" எண்டார். படியில குந்தியிருந்து முழங்காலைத் தடவித் தடவிச் சிரிச்சார். அவர் சிரிச்சுக் கனகாலம்.

அடுத்த கிழமை முதலாளி கீழ இறங்கி வந்தார். நல்ல மனுசன், குறை சொல்லேலாது. சித்திரையில லிப்ட் வருதெண்டு இவரின்ர தோளில தட்டிச் சொன்னார். பிறகு தட்டுத் தூக்க ஆள் தேவையில்லையாம். இனி வீட்டில ஆறுதலா இருக்கலாமாம், உழைச்சது போதுமாம்.

இவர் "மெர்சி" எண்டு நன்றி சொன்னார். பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கெண்டு சொல்ல நான் வாயெடுத்தன். பிரெஞ்சில சொல்லுத் தேடி எடுக்கிறதுக்குள்ள முதலாளி போயிட்டார்.

மேல மணி அடிச்சுது. இவர் தட்டில நாலு சூப்புக் கோப்பையை அடுக்கினார்.

"இருங்கோ, நான் கொண்டுபோறன்" எண்டு கையை நீட்டினன்.

"தள்ளப்பா" எண்டார். "சித்திரை வரைக்கும் இது என்ர வேலை."