இரண்டாவது படிக்கட்டு

என் அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தானைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. நல்ல மனுஷர் என்பது ஒன்று. நல்ல மனுஷர், ஆனால் பிழைக்கத் தெரியாதவர் என்பது மற்றொன்று. லாட்ஜ் நடத்துகிறவருக்கு வேண்டிய கடுமுகம் அவரிடம் கிடையாது. ரூமைக் காலி செய்துகொண்டு போகிறவர் பையிலிருந்து நம் லாட்ஜ் துண்டு எட்டிப் பார்த்தால்கூட, "சார், துவைக்கப் போட மறந்துட்டீங்க போல" என்றுதான் சொல்வார். நான் அவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். நான் சொல்வதில் உறவும் இருக்கும், தின்ற உப்பும் இருக்கும். பொய் இருக்காது.

லாட்ஜ் அவருடைய அப்பா கட்டியது. தரைத்தளம், மேலே இரண்டு மாடி. ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடைபாதை, இரு கோடியிலும் ஒவ்வொரு படிக்கட்டு. அப்பா போனதும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல்லாவில் யார் உட்காருவது என்று வந்தது வினை. ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? ஒரு நாள் வேலைக்காரர்கள், விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன்காரர், எங்களுக்கெல்லாம் பெரியவர், வந்து நின்று, "எழுந்திருடா" என்றார். அத்தான் எழுந்துவிட்டார். எழுந்தவர் நேராக வக்கீல் வீட்டுக்குப் போனார். அந்த ஒரு தடவைதான் அவருக்கு ரோஷம் வந்து நான் பார்த்தது. அது வந்த நேரம் சரியில்லை.

டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு மாடியிலும் நடைபாதையின் நட்டநடுவில் சுவர் எழுப்பினார்கள். ஆளுக்குச் சரிபாதி ரூம், ஆளுக்கு ஒரு படிக்கட்டு. அரை அங்குலம் கூடக் குறையக் கிடையாது. தீக்குப் பாகப்பிரிவினை தெரியாது என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஒரே விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தாண்டிப் போவார்கள்.

இந்த வருஷம் எங்கள் பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனி, இனிமேல் லாட்ஜுகளை எடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டது. இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அலைந்து திரிந்து வேறொரு கம்பெனியைப் பிடித்தோம். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் தகுதி இருக்கிறதா என்று வந்து பார்ப்போம், அதற்கு முன்னால் இன்னின்ன வேலை செய்து வையுங்கள் என்றார்கள்.

அத்தான் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இறங்கினார். ரூமுக்கு ரூம் புகை வந்தால் கத்துகிற கருவி. தானாக மூடிக்கொள்கிற கதவு. கரண்ட் போனால் எரிகிற விளக்கு. படிக்கட்டுக்கு அடியில் அடைத்து வைத்திருந்த பழைய மெத்தைகளைத் தூக்கி எறிந்தார். கேஸ் சிலிண்டர்களை வெளியே கூண்டு கட்டி வைத்தார். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தை தலையை விட்டுவிடக்கூடாது என்று குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்தார். ரூமில் யாராவது இஸ்திரிப் பெட்டியை எடுத்தால் மோப்பம் பிடித்துக்கொண்டு போய் நின்றார். "என்னைக் கட்டினப்பகூட இந்த மனுஷன் இப்படி ஓடல" என்றாள் அக்கா.

பார்வையிட வந்தவள் சின்ன வயசுப் பெண். கையில் டார்ச், தோளில் பை, முகத்தில் சிரிப்பு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். ரூம் கதவைத் திறந்து விட்டுவிட்டு அது தானாக மூடும் வரை காத்திருந்தாள். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்று அவள் சொல்லச் சொல்ல அத்தானுக்குச் சட்டை பித்தான் தெறிக்கிற அளவு நெஞ்சு விரிந்தது. இரண்டாவது மாடி நடைபாதையின் கோடிக்குப் போனதும் நின்றாள். டார்ச்சை அடித்தாள். சுவரில் பளபளவென்று ஒரு பச்சைப் பலகை. அதில் ஒரு மனிதன் கதவைப் பார்த்து ஓடுகிறான்.

"சார், இவர் எங்க ஓடறார்?"

"படிக்கட்டுக்கு மேடம்."

"படிக்கட்டு எங்க இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

அத்தான் சுவரைத் தட்டிக் காட்டினார். "சுவருக்கு அந்தப் பக்கம்."

நடந்தது இதுதான். அந்தப் பலகையைக் கடையில் ஜோடியாகத்தான் கொடுத்தார்கள். ஒன்றை எங்கள் படிக்கட்டின் தலையில் மாட்டினார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர், சின்ன வயசில் ஓடி விளையாடிய பழக்கத்தில் நேராக மறு கோடிக்குப் போய் மாட்டிவிட்டார். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கும் உறைக்கவில்லை. எங்களைப் போல் இரண்டு அறிவாளிகள் ஒரு லாட்ஜுக்குப் போதும்.

அவள் சிரிக்கவில்லை. எங்களை அந்தச் சுவரடியிலேயே உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "மேல தூங்கறவங்களுக்கு இறங்க ரெண்டு வழி வேணும் சார். ஒரு படிக்கட்டுல புகை அடைச்சா இன்னொண்ணு இருக்கணும். கீழ்த்தளத்தை நான் பாஸ் பண்ணிடுவேன். மேல ரெண்டு மாடியும் இப்படியே இருந்தா முடியாது." பிறகு அவளே வழியும் சொன்னாள். நடுச்சுவரில் ஒரு கதவு. பூட்டு இருக்கக்கூடாது, தள்ளினால் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் சம்மதம் கொடுக்க வேண்டும். மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன் என்றாள்.

வெளியே இரும்புப் படிக்கட்டு வைக்கலாமா என்று இன்ஜினியரைக் கூட்டிவந்தோம். பின்பக்கம் கை நுழையாத இடைவெளி, அடுத்த வீட்டுச் சுவர். முன்பக்கம் நகராட்சியின் நடைபாதை. அவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "உங்க அண்ணன்கிட்டயே பேசிடுங்க சார்" என்று எழுந்து போய்விட்டார்.

மேல் இரண்டு மாடிதான் எங்களுக்குச் சோறு. கீழ்த்தளத்தில் வரவேற்பும் சமையலறையும் போக மிஞ்சுவது ஒரு சில ரூம்தான். அத்தான் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். இரண்டு லாட்ஜுக்கும் துணி வெளுக்கிறவர் ஒருவரே. அவரிடம் சொல்லியனுப்பினோம். பதில் துவைத்த துணியோடு வந்தது. "ரூம் வேணும்னா வரச் சொல்லு. வேற பேச்சுக்கெல்லாம் எனக்கு நேரம் கிடையாது."

"திமிரைப் பாத்தியா!" என்று அக்கா குதித்தாள். அத்தான் வந்த துணியை எண்ணி அடுக்கிவிட்டு, "சரி, ரூம் எடுத்துடுவோம்" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு விளக்கினார். வருகிற ஆளை முதலாளியே மாடிக்குக் கூட்டிப்போய் எந்த சுவிட்ச் எதற்கு என்று காட்ட வேண்டும் என்பது அவர்கள் அப்பா போட்ட விதி. அதை அவரும் மீறியதில்லை, அண்ணனும் மீறியிருக்க மாட்டார். தம்பியோடு பேசாத வாய் விருந்தாளியோடு பேசித்தானே ஆக வேண்டும்? பெட்டி இல்லாமல் வருகிறவனுக்கு ரூம் கிடையாது என்பதும் அப்பா விதியே என்பதால், அத்தான் ஒரு பையில் வேட்டியும் தலையணையும் திணித்துக்கொண்டார். பட்டப்பகலில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வாசலில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறினோம்.

பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை கிட்டத்தில் நாங்கள் அவரைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"ரூம் இருக்கா?" என்றார் அத்தான்.

"எத்தன பேர்?"

"ரெண்டு பேர். ஒரு நாளைக்கு."

வாடகையை முன்னாலேயே வைக்கச் சொன்னார். எனக்கு நாக்கு அரித்தது. "பெரியத்தான், சொந்தத்துக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாதா?"

"போர்டைப் பாரு. எல்லாருக்கும் ஒரே ரேட்."

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று மனசுக்குள் திட்டினேன். பெயர், விலாசம், வந்த காரியம் எல்லாம் வரிசையாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பா பெயரை மட்டும் கேட்காமலே எழுதிக்கொண்டார்.

இரண்டாவது மாடியில், நடுச்சுவரை ஒட்டிய ரூம். பெரியவர் முன்னால் படியேறினார், மூச்சு வாங்கிற்று. உள்ளே வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஃபேன். இது லைட். சுடுதண்ணி இடது குழாய், கொஞ்சம் காத்திருக்கணும்.

"அண்ணே" என்றார் அத்தான்.

"துண்டு வேணும்னா கீழே கேளுங்க."

"அண்ணே."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அப்புறம் எங்கள் லாட்ஜ் கூட்டுகிற அம்மா பக்கெட்டைத் தரையில் மோதும் சத்தம் கேட்டது. "உன் ஆளு பக்கெட்டைக் கீழே வைக்கவே மாட்டாளா? எப்பப் பாரு எறியறா" என்றார் பெரியவர். பிறகு தரையைப் பார்த்தபடி, "கதவு வேணும், அதானே? அந்தப் பொண்ணு பேசினது எல்லாம் கேட்டுது. என்னால முடியாது" என்றார்.

அத்தான் கெஞ்சினார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனது தப்புதான் என்றார். லாட்ஜுக்கு உங்கள் பெயரையே வைத்துவிடுகிறேன் என்றார். கதவுக்கான செலவு, சுண்ணாம்பு அடிக்கிற செலவுகூட என்னுடையது என்றார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கதவு பெரியத்தான்! நாளைக்கு மேல ஒருத்தன் புகையில மாட்டினா உங்களுக்கும் பாவம் இல்லையா? அப்படி என்ன பிடிவாதம்?"

"பிடிவாதம் இல்லடா. என்னுது இல்ல" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"இந்தப் பாதி என்னுது இல்ல. போயிடுச்சு. பையன் தொழில்னு ஆரம்பிச்சான், கையெழுத்துப் போட்டேன், எல்லாம் முழுகிப் போச்சு. வாங்கினவன், நீங்களே உக்காந்து பாத்துக்கங்கன்னு சம்பளத்துக்கு வச்சிருக்கான். ஒரு ரூபா வாடகை குறைஞ்சாலும் நான் அவனுக்குப் பதில் சொல்லணும்."

எனக்குக் காதுமடல் சுட்டது.

"நீ வர்றதுக்கு முன்னாடியே அவன்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன்" என்றார் பெரியவர். "தம்பி பக்கத்துக்கு ஒரு கதவு விடுங்கன்னு. சிரிக்கறான். அவன் இதைக் குடோன் ஆக்கப்போறான். அடுத்த மாசம் சரக்கு வருது. குடோன்ல யாராவது பூட்டில்லாத கதவு வைப்பாங்களான்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நியாயம்தானே?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"எந்த வாயால சொல்றது? எழுந்திருடான்னு சொன்ன வாயாலயா?"

அத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே பெரியவர் கையமர்த்தினார். "மேல ரெண்டு மாடியும் மூடப்போற. கீழே வர்றது உங்களுக்கே வாய்க்கும் வயித்துக்கும் பத்தாது. சும்மா இரு." அது உண்மை. எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கை இருந்தும் அந்த மனுஷருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்போது எனக்கு வந்த அழுகையை அடக்கக் குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.

கிளம்பும்போது பெரியவர் அத்தானின் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒண்ணே ஒண்ணு. வீட்ல கேட்டா, அந்தப் பொண்ணு கேட்டா, அண்ணன் மாட்டேன்னுட்டான், பிடிவாதக்காரன்னு சொல்லு. அது எனக்குப் பழகின பேரு. ஒண்ணும் இல்லாதவன்னு மட்டும் சொல்லிடாத."

வீட்டில் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "மாட்டேன்னுட்டார்" என்றார் அத்தான். அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள். கல்நெஞ்சன் என்றாள், கூடப்பிறந்தவனா அவன் என்றாள், சாபம் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மாசக் கடைசியில் மாடிப்படிக்குக் குறுக்கே பலகை அடித்தோம். கூட்டுகிற அம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் கணக்கு முடித்து அனுப்பினோம். கீழ்த்தளத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் கிடைத்தது. அந்தப் பெண் மாடி மூடியிருக்கிறதா என்று பார்க்க வந்தபோது வருத்தப்பட்டுக் கேட்டாள். "கூடப்பிறந்தவர்தானே சார்? ஒரு கதவுக்கு மனசு வரலையா அவருக்கு?"

"ரொம்பப் பிடிவாதக்காரர் மேடம்" என்றார் அத்தான். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரு தடவை வேண்டாம்னா வேண்டாம்தான். ராஜா மாதிரி." அவள் தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அங்கேயே கீழ்த்தளத்தில் குடியிருந்த பெரியவரின் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கா என்னையும் அத்தானையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தாள். "பாத்தீங்களா? நல்ல விலைக்கு வித்துட்டு எங்கேயோ பங்களா பாத்துட்டார். நாமதான் கிடந்து சாகறோம்."

"ஆமா, அவருக்கென்ன குறைச்சல்" என்றார் அத்தான்.

கடைசியாகக் கட்டில் வந்தது. ஒரு முனையைப் பெரியவர் தூக்கினார். மறுமுனையை அவர் மனைவி தூக்கப் பார்த்தார், முடியவில்லை, கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அத்தானின் கால் ஒரு படி இறங்கிற்று. அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் காலை எடுத்து மறுபடி மேலே வைத்துக்கொண்டார்.