மருமகள் ரயிலில், வெப்சைட் என் மடியில்

அந்தப் பட்டனை அமுக்கியது நான்தான். பழியை மருமகள் மேல் தள்ளிவிட எவ்வளவோ பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் ரயிலில் இருந்தாள் என்பதற்கு ஒரு பெட்டி நிறைய சாட்சி இருந்ததால் முடியவில்லை.

ஆரி ஊசியால் பூவும் மயிலும் போட்டுக் கல்யாண ஜாக்கெட் தைப்பதில் தங்கச் சுரங்கத்து ஊரான எங்கள் மைசூர் மைன்ஸ் பக்கம் என் மருமகளை மிஞ்ச ஆளில்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் சாம்பாரில் கைப்பக்குவம் போய்விடும். இவ்வளவு வேலை தெரிந்தவள், வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், ஒரு கம்பெனியில் சட்டைக்குக் காலர் மட்டும் தைத்துவிட்டு வருகிறாள். அடுத்தவன் கழுத்துக்குத் தைத்துத் தைத்து அவள் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. என் மகன் லாரியில் போனால் வாரக் கணக்கில் வரமாட்டான். சாய்ந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

அந்த ரயிலை விடுவதற்காகத்தான் அவள் வெப்சைட் போட்டாள். தைத்த ஜாக்கெட்டுகளின் படங்கள் அதில் இருக்கும். பிடித்ததைத் தொட்டு, அளவை எழுதி அனுப்பலாம். ராபர்ட்சன்பேட்டையில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் ஒருவர் செய்து கொடுத்தார். படங்கள் ராட்டினம் மாதிரி சுற்றும். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் புதன்கிழமை பெரிய விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் பிறந்து பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு அம்மா, தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பதினாலு ஜாக்கெட் தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வெப்சைட்டைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்றிருந்தார்.

"இது மட்டும் கெடச்சா வேலைய உட்டுட்றேன் அத்தே," என்று செருப்பு மாட்டும்போதே மருமகள் சொன்னாள். "காத்தால லேப்டாப்ப தொறந்து, மெசேஜ் இன்னா வந்து கீதுன்னு மட்டும் பாருங்க. வேற எதையும் தொடாதீங்க."

தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

நான் நாலாவது வரை படித்தவள். இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. எண் நன்றாகத் தெரியும். அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தால், இடது பக்கம் ஒரு சிவப்பு வட்டம், உள்ளே அஞ்சு என்று நின்றது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு எண் சும்மா நிற்காது. என் வீட்டுக்காரர் சுரங்கத்து வாயில் கேஜுக்கு மணி அடித்தவர். ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். கீழே இறங்கும் ஒவ்வொருவனும் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் அவர் வீட்டுக்கு வரமாட்டார். நானும் சோறு போடமாட்டேன். இப்படி முப்பது வருஷம் வாழ்ந்தவள் கண் முன்னால் சிவப்பில் அஞ்சு தொங்கினால் என்ன செய்வாள்?

வட்டத்தைத் தொட்டேன். அஞ்சு வரி வந்தது. எல்லாவற்றிலும் டிக் போட்டேன். பெரிய பட்டன் ஒன்று இருந்தது. அமுக்கினேன். அஞ்சு நாலாயிற்று, மூன்றாயிற்று. எனக்குச் சந்தோஷம். அதற்கப்புறம் பக்கம் முழுவதும் வெள்ளை. சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டில் காற்றடித்த நாள் மாதிரி, ஒன்றுமே தெரியவில்லை. நடுவில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

மருமகளுக்கு போன் போட்டேன்.

"அடியே, உன் வெப்சைட்டு வெளுத்துப் பூட்ச்சிடி."

"இன்னா பண்ணீங்க அத்தே?"

"நான் இன்னாத்த பண்ணேன்? அதுவா ஆச்சு."

"அதுவா ஆவாது அத்தே. எதைத் தொட்டீங்க?"

"அஞ்சு பேரு தொங்கினு இருந்தாங்க. மேல ஏத்தினேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பார்த்தால், சிக்னல் போய்விட்டது.

பிரௌசிங் சென்டர்காரருக்குப் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார். தூக்கக் குரல்.

"ஆயா, கேஷ் கிளியர் பண்ணுங்க."

"அது எங்கப்பா கீது?"

"அப்ப மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினேன். மோடத்தில் இருந்த விளக்குகள் திருவிழா மாதிரி மின்னின. வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி போட்டேன். கரண்டை நிறுத்திப் போடச் சொன்னார். அப்புறம் போட்டபோது போனையே நிறுத்தி வைத்துவிட்டார். சாமிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னால்கூட அதில் கொஞ்சம் பலன் இருந்திருக்கும்.

பங்காருப்பேட்டை தாண்டி மருமகள் கூப்பிட்டாள். அன்றைக்கு ரயில் இரண்டு மணி நேரம் லேட். பக்கத்தில் ஒரே பெண்கள் சத்தம். அந்த லேடீஸ் பெட்டியில் தினமும் இவளோடு வரும் ஒரு கன்னடக்காரப் பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாளாம். அவள் போனை வாங்கினாள்.

"அஜ்ஜி, ஹெதர்பேடி. பயப்பட வேணா. நான் சொல்றது மாதிரி பண்ணுங்க."

"நான் எதுக்கும்மா பயப்பட்றேன்? பயப்பட வேண்டியது உன் பக்கத்துல உக்காந்து கீறவ."

புதிதாக ஒரு இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். வெப்சைட்டின் சாமான்கள் எல்லாம் வைத்திருக்கும் கிடங்கு மாதிரி ஒன்று. உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருக்கிறது என்றாள் மருமகள். எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிக்கொண்டே சத்தமாகப் படித்தேன். ஏழெட்டு எழுத்து போனதும் எனக்குச் சேர்த்துப் படிக்க வந்துவிட்டது. அத்தைகோபம்.

"இன்னாடி இது?"

"அது... மறக்காத மாதிரி ஒண்ணு வெக்கச் சொன்னாங்க அத்தே. அதான்."

பெட்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே போனேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். வெப்சைட்டுக்கு ஒவ்வொரு வேலையையும் செய்ய ஒரு பிளகின் உண்டு. அளவு வாங்க ஒன்று, படம் சுற்ற ஒன்று, இப்படி. நான் பட்டனை அமுக்கிப் புதுசாக்கியதில் ஏதோ ஒன்று மற்றதோடு ஒத்துப்போகாமல் எல்லாரையும் கவிழ்த்துவிட்டது. பிளகின்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் ஒன்றும் வேலை செய்யாது, பக்கம் வந்துவிடும். பிறகு பழைய பெயரையே வைத்து, ஒவ்வொன்றாக...

சிக்னல் போய்விட்டது.

ஒவ்வொன்றாக என்ன? திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்த எடுப்பில் ஆரம்பித்தேன்.

"இன்னாடி, ரயிலு ஓடுதா, தவழுதா? அரைகுறையா சொல்லிட்டுப் போறீங்க, நான் இங்க இன்னாத்த புடுங்கறது?"

"நான் பெங்களூருல இருந்து பேசறேங்க," என்றது ஒரு குரல். "ஜாக்கெட் விஷயமா. வெப்சைட்டு வரவே மாட்டேங்குதே?"

மணி ஒன்பதே கால். பத்துக்குப் பார்க்கிறேன் என்றவர் ஒன்பதே காலுக்குப் பார்ப்பார் என்று யார் கண்டார்கள்?

"வாங்கம்மா, வாங்க," என்றேன். போனில் எங்கே வருவார் என்று தெரியாமல். "கடைக்கு வெள்ளை அடிச்சினு கீறோம். உங்களுக்காகத்தான். பத்து மணிக்குப் பாருங்க, பளிச்சுனு கீறும்."

"வெப்சைட்டுக்கா வெள்ளை அடிக்கிறீங்க?"

"எங்க ஊரு ஆளுங்க சுத்தமானவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நம்பினாரோ இல்லையோ, பத்தரைக்குப் பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது, அண்ணி வேறு ஒரு டெய்லரைச் சொல்கிறாள் என்று வைத்துவிட்டார்.

அந்த வேறு டெய்லர் யாரோ, அவள் ஊசி முறிய என்று ஒரு சாபம் விட்டுவிட்டு, ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தேன். பக்கம் வந்தது! மொட்டையாக, நகை கழற்றிய கல்யாணப் பெண் மாதிரி, ஆனால் வந்துவிட்டது. நான் முதலில் கெடுத்த பக்கமும் திறந்தது. எல்லாப் பிளகினும் படுத்திருந்தது. பழைய பெயரையே திரும்ப வைத்தேன். இனிமேல் ஒவ்வொன்றாக என்றால் என்ன, எனக்குத் தெரியாதா? சுரங்கத்தில் கீழே ஏதோ தகராறு என்றால் எல்லாரையும் மேலே ஏற்றி, ஒவ்வொருவனாக இறக்கிப் பார்ப்பார்கள். எவன் இறங்கியதும் சத்தம் வருகிறதோ அவன்தான்.

அளவு வாங்குகிறதை எழுப்பினேன். பக்கத்தைப் பார்த்தேன், இருக்கிறது. அடுத்ததை எழுப்பினேன், இருக்கிறது. மூன்றாவதும் சரி. நாலாவதை எழுப்பியதும் பளீரென்று வெள்ளை.

மாலூர் பக்கத்தில் மருமகள் கிடைத்தாள்.

"புடிச்சிட்டேன்டி. நாலாவது ஆளு. பேரு படிக்கத் தெரியல, ராட்டினம் படம் போட்டு கீது."

"ஐயோ, அது போட்டோ சுத்தறது அத்தே! அது இல்லாம நல்லாவே இருக்காது. அவுரு எவ்ளோ கஷ்டப்பட்டு..."

"அவுரு கஷ்டப்பட்டுத் தூங்கினு கீறாரு. தூக்கி எறியட்டா, வெக்கட்டா?"

"அதைச் சரி பண்ண முடியுமான்னு இந்த கம்ப்யூட்டர் அக்காவ கேக்கறேன் இருங்க அத்தே."

"கேளு. அதுக்குள்ள அந்தம்மா அண்ணி சொன்ன டெய்லர்கிட்ட அளவு குடுத்துட்டு வந்துடும்."

சின்னக் குரலில், "எறிஞ்சிடுங்க," என்றாள்.

கிடங்குக்குள் போய் அந்த ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினேன். வெள்ளை போனது. மீதி இருந்ததை எழுப்பினேன். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. படங்கள் சுற்றவில்லை, ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. மணி பத்து இருபது. நான் குடிக்க வைத்த காபியில் ஆடை படிந்து, அதில் ஒரு எறும்பு செத்திருந்தது.

பன்னிரண்டுக்கு முன்னால் அந்த அம்மா கூப்பிட்டார். இந்தத் தடவை யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேசினேன்.

"நேத்தே ஒருவாட்டி பாத்தேங்க. கிறுகிறுன்னு சுத்தி எனக்குத் தலையே சுத்திப்போச்சு, ஒண்ணையும் பாக்க முடியல. இன்னிக்கு நிதானமா பெருசு பண்ணிப் பாத்தேன். மயிலு தோகையில ஒரு நூலுகூட தூக்கினு இல்ல. வெள்ளிக்கிழம காத்தால அளவெடுக்க வரச் சொல்லுங்க. பொண்ணு அன்னிக்கு ஒரு நாள்தான் இருப்பா."

சாப்பாட்டு நேரத்தில் மருமகள் கம்பெனியிலிருந்து போன் போட்டபோது சொன்னேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தால், முனகினாள்.

"வெள்ளிக்கிழம லீவு குடுக்க மாட்டாங்க அத்தே."

"கேட்டாதான குடுக்காம இருப்பாங்க? போய் அந்த சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வா, இனிமே அவன் காலர அவனே தெச்சுக்கட்டும்னு."

"அப்பறம் அடுத்த மாசம் ஆர்டரு வரலன்னா?"

"வரலன்னா இன்னொரு பட்டன் அமுக்கறேன்."

சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அதே ரயிலில்தான் போனாள், ஆனால் தோளில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொண்டு, தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு.

இப்போது பதினாலு ஜாக்கெட்டும் என் வீட்டில்தான் தைக்கப்படுகின்றன. கட்டில் முழுக்கத் துணி. சோற்றில் ஜரிகை. நேற்று உட்கார்ந்த இடத்தில் ஊசி குத்தியது. முன்பெல்லாம் பதினாலு மணி நேரம் நிம்மதியாக டி.வி. பார்ப்பேன். இப்போது மெஷின் சத்தத்தில் ஒரு வசனம் காதில் விழுவதில்லை. கொஞ்சம் நிறுத்தடி என்றால், கழுத்தை நேராக நிமிர்த்திக்கொண்டு, "தோ, இந்தக் கை மட்டும் அத்தே," என்கிறாள். அது எந்தக் கையோ, காலையிலிருந்து முடிந்தபாடில்லை.