ஏசி பக்கம் இருந்த ஸ்விட்ச்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நான் முதல் முறை "லெவல்" என்று சொன்னேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே ரசாயனம் சூடாகும் பெரிய கலத்தின் பிரஷர் மீட்டரில் முள் சிக்கிக்கொண்டிருந்தது. புது மீட்டர் வரும்வரை, கலத்தில் பிரஷரை வோல்டேஜாக மாற்றும் ஒரு டிரான்ஸ்டியூசரைப் பொருத்தி, அந்த வோல்டேஜைக் கண்ட்ரோல் ரூமில் ஆசிலாஸ்கோப் திரையில் பார்ப்பதென்று எஞ்சினியர் ராமநாதன் முடிவு செய்தார். பிரஷர் ஏறினால் பச்சைப் புள்ளியும் ஏற வேண்டும். ஒரு கட்டத்தைக் கடக்கப் புள்ளிக்கு ஐந்து விநாடி. அவ்வளவு மெதுவான சிக்னல். அது போகும் வழியைத் திரைமேல் மெழுகுப் பென்சிலால் குறிப்பது என் வேலை.

மேலே, கலத்தின் மேடையில் கூலிங் வாட்டர் வால்வைப் பிடித்து நின்றவன் என் மகன் முருகேசன். நான் இன்டர்காமில் சொன்னால்தான் திறப்பான்.

அதற்கு முன் பதினைந்து வருடம் நான் மாட்டுங்காவில் ரேடியோ ரிப்பேர் செய்தவன். ஏசி ரேடியோவை டிசி சப்ளையில் செருகினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் ஏசியா டிசியா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஸ்கோப்பின் இன்புட் பக்கத்தில் 'ஏசி–டிசி' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. தொழிற்சாலைக்கு வருவது ஏசி கரண்ட். யோசிக்காமல் ஏசி பக்கம் தள்ளிவிட்டேன்.

புள்ளி நடுக்கோட்டிலேயே நகர்ந்தது. பிரஷர் ஏறவில்லை என்று நினைத்து, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இன்டர்காமில் "லெவல்" என்றேன். ராமநாதன் உள்ளே வந்து, ரேடியோவில் பாட்டு ஏதாவது வருகிறதா என்று கேலி செய்தார். அந்த நேரம், கலத்துக்குள் ரசாயனத்தை ஏற்றும் ஃபீட் பம்ப் ஓடத் தொடங்கியது. புள்ளி ஒரு துள்ளுத் துள்ளி, உடனே நடுக்கோட்டுக்கே இறங்கியது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏன் சுப்பையா, ஏறின பிரஷர் தானா இப்படி இறங்குமோ?"

அப்போதுதான் என் கண் அந்த ஸ்விட்ச்மேல் போனது. டிசிக்குத் தள்ளினேன். புள்ளி திரையின் மேல் விளிம்பைத் தாண்டிக் காணாமல் போயிற்று.

அபாய மணியை அழுத்தினேன். ராமநாதன் ஆவியை வெளியே விடும் வென்ட் லீவரை இழுத்தார். ஆவி பீறிட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முற்றம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முருகேசன் வரவில்லை. மேடையில் நிற்பவன் ஃபீட் வால்வை மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்விட்சுக்கும் மின்சார சப்ளைக்கும் சம்பந்தம் இல்லை. ஏசி பக்கம் வைத்தால் இன்புட்டில் ஒரு கண்டென்சர் குறுக்கே வரும். வேகமான சிக்னலை விடும்; மெதுவாக ஏறுவதைத் தடுத்துவிடும். திரையில் கோடு அசையாமல் இருந்தால், சிக்னல் அசையவில்லையா, நாம்தான் அதை மறித்துவிட்டோமா என்று பாருங்கள்.

கடைசி ஆளாக முருகேசன் வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"கலம் முனகுத சத்தம் எனக்கு அப்பவே கேட்டுச்சுப்பா. நீங்க பாத்துக்கிட்டு இருக்கியளேன்னுதான் இறங்காம நின்னேன்."