கதவில்லாத கழிப்பறை

சித்தூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் வளாகத்தில், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான மையத்தில் நான் ஆசிரியை. எங்கள் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. மழையில் ஊறி விழுந்ததைத் திரும்ப மாட்ட ஆளில்லை.

மையத்துக்கு வரும் ஒருத்திக்குப் பதிமூன்று வயது. சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். பேச்சு வராது. ஆமாம் என்றால் முன்னால் உள்ள பலகையைத் தட்டுவாள். அவளுக்கு உடை மாற்றும்போது வராந்தாவில் பையன்கள் போவார்கள், வருவார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவள் கழுத்து ஒத்துழைக்காது. கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

உதவிக்கு இருந்த ஆயம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கு இன்னா தெரியும் டீச்சர்? கொயந்த மாதிரிதானே."

"அதுன்னு சொல்லாதீங்க. அவளுக்கு எல்லாம் தெரியும்."

பலகை படபடவென்று அதிர்ந்தது. ஆயம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் என் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினேன்.

திருப்பதியிலிருந்து அதிகாரிகள் வந்த அன்று பார்த்தால் புடவையைக் காணோம். விழா மேடையின் பின்திரையாக அழகாகக் குத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் கௌரவத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அவசரம். நான் மேடையேறி ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினேன். பேச்சு நின்றது. புடவையோடு இறங்கி வந்தேன்.

"ஆபீசர் எதிர்ல எங்க மரியாத எல்லாம் போச்சு மேடம்!" என்று தலைமை ஆசிரியர் பிறகு கத்தினார்.

"அவளுக்கு தெனமும் அதான் சார் போய்க்கினு இருக்குது."

தண்டனை மாதிரி என்னைத் திருப்பதிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பு, பணி விழுமியங்கள். 'பிள்ளைகளின் அந்தரங்கத்தை மதிப்போம்' என்று திரையில் பெரிதாக ஓடியது. சந்தேகம் உண்டா என்றார் பயிற்சியாளர். கதவைப் பற்றிக் கேட்டேன்.

"அது இன்ஜினியரிங் செக்ஷன் மேடம். இங்க வேல்யூஸ் மட்டும்தான்."

அறை முழுக்கச் சிரித்தது. திரும்பும் பஸ் பாகாலா தாண்டியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால், புடவை மடித்து அலமாரிமேல் கிடந்தது. நான் இல்லாதபோது அவளுக்கு மறுபடி மறைப்பில்லாமல்தான் உடை மாற்றியிருக்கிறார்கள். எடுத்துக் கட்டினேன்.

"இன்னும் வுடலியா மேடம்?" என்றார் அந்தப் பக்கம் வந்த தலைமை ஆசிரியர்.

"கதவு வர்ற வரைக்கும் வுட மாட்டேன் சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கதவு இன்னும் வரவில்லை.