எட்டாவது சுற்று

2016 மார்ச் 9: முன்பணம் கட்டியது 15,000
2016 மார்ச் 30: திரும்பி வந்தது 15,000
2017 பிப்ரவரி 14: முன்பணம் கட்டியது 15,000
2017 பிப்ரவரி 20: திரும்பி வந்தது 15,000
2018 ஜனவரி 11, காலை: முன்பணம் 15,000, சக்கர நாற்காலி வாடகை 4,200
2018 ஜனவரி 11, மாலை: நாற்காலி வாடகை திரும்பப் பெற்றது 4,200

இவை என் தம்பியின் புனிதப் பயணத்துக்காக நான் எழுதி வைத்த வரிகள். தண்ணீர் வாரியத்தில் முப்பத்தெட்டு வருடம் மீட்டர் பதிவேடு எழுதியவன் நான். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தம்பிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வளர வளர இடது கால் பின்தங்கி, கடைசியில் ஆறரை சென்டிமீட்டர் குறைவாக நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் 'முக்கால்' என்று கூப்பிட்டார்கள். செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கடை வைத்தபோது, பலகையில் 'முக்கால் செருப்புக் கடை' என்று அவனே பெயிண்டால் எழுதினான். "இனிமே எவனாவது கூப்பிட்டா எனக்கு விளம்பரம்" என்றான். கணுக்காலுக்கு மேல் வரை கயிறு கட்டும் பூட்ஸ், அடியில் ஆறரை சென்டிமீட்டர் தக்கை. அதைப் போட்டுக்கொண்டுதான் அறுபத்தொன்பது வயது வரை நடந்தான்.

பயணத்துக்கு ஆள் சேர்க்கும் டிராவல்ஸ்காரர் இரண்டு முறை அவனைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, நாற்காலியில் வருவதானால் சரி என்றார். காலையில் நான் அதற்கும் பணம் கட்டிவிட்டு வந்தேன். தம்பி ரசீதைப் பார்த்தான்.

"யாருக்குண்ணே நாற்காலி? உங்களுக்கா?"

எனக்கு அப்போது எழுபத்தெட்டு. மாலையில் அவனே அலுவலகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"பாய், மூணாவது சுத்துலயே விழுந்துடுவீங்க. கூட்டம் அப்படி. தூக்கிட்டு வர எங்கிட்ட ஆள் இல்ல" என்றார் டிராவல்ஸ்காரர்.

"விழமாட்டேன். இறையில்லத்தை ஏழு சுத்தும் என் கால்ல சுத்துவேன். அதுக்காகத்தான் இத்தனை வருஷம் காசு சேர்த்தேன்."

'விழுந்தால் நானே பொறுப்பு' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து கேட்டார். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்தான்: 'விழாவிட்டால் டிராவல்ஸ்காரர் பொறுப்பு.' அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இஹ்ராம் என்னும் தைக்காத வெள்ளைத் துணிகளை உடுத்திய பிறகு ஆண்கள் கணுக்காலை மூடும் காலணி போடக்கூடாது. தம்பியின் பூட்ஸோ கணுக்காலைப் பிடித்துக்கொள்வதால்தான் அவனைச் சுமந்தது. முப்பது நாள் கடையை அரைநேரம் மூடி, திறந்த செருப்பு ஒன்று செய்து பார்த்தான். பத்து ஜோடி தோற்றன. பதினொன்றாவது நின்றது. மூன்று வார், அடியில் தக்கை, எல்லாம் பசையும் ஆணியும்.

"ஒரு தையல்கூட கிடையாது. தையல் இருக்குன்னு எவனும் பேச வரக் கூடாது பாருங்க" என்றான்.

அதே அளவில் இன்னொரு ஜோடியும் செய்தான். ஒன்று தெருவுக்கு. மற்றது பள்ளிவாசலுக்குள் மட்டும். இரண்டாவதை மண்ணில் வைக்காமல் வெள்ளைப் பையில் கட்டி, விமானத்தில் மடியிலேயே வைத்திருந்தான்.

பிப்ரவரி 21, பிற்பகல் தொழுகை முடிந்து பெரிய பள்ளிவாசலுக்குள் போனோம். வாசலில் காவலர் செருப்பைக் காட்டி, கூடாது என்று கையை ஆட்டினார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. தம்பி தரையில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றி, தோளில் கிடந்த வெள்ளைத் துணியின் முனையால் அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்து, துணியை அவர் முகத்துக்கு நேரே விரித்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. காவலர் அவனது இடது காலைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

சுற்றுகளை எண்ணுவது என் பொறுப்பு. ஏழு பாசிமணிகளை இடது கையில் பொத்திக்கொண்டேன். பச்சை விளக்கைத் தாண்டி ஒரு சுற்று முடியும்போதெல்லாம் ஒரு மணியை இடுப்புப் பைக்குள் போட்டேன். மூன்றாவது சுற்று முடிந்தபோது தம்பி என்னைப் பார்த்து, "விழுந்துட்டேனா?" என்றான். ஐந்தாவதில் பின்னாலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்களை நெட்டித் தள்ள, நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

கை காலியானதும் ஓரமாக ஒதுங்கிப் பையைத் திறந்தேன். ஆறு மணிகள்தான் இருந்தன. மீண்டும் எண்ணினேன். ஆறு.

நெரிசலில் கையிலிருந்து ஒன்று விழுந்திருந்தால், சுற்றியது ஆறுதான். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். தம்பியின் கணுக்கால் வீங்கி, வார் சதைக்குள் புதைந்திருந்தது. ஏழு என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முப்பத்தெட்டு வருடத்தில் பார்க்காத மீட்டருக்கு நான் எண் எழுதியதில்லை.

"ஆறுதான் இருக்குடா" என்றேன்.

"ஏழு சுத்தியாச்சுண்ணே. என் காலுக்குத் தெரியும்."

"எனக்கு நிச்சயமாத் தெரியல."

எங்கள் குழு எப்போதோ முடித்துவிட்டிருந்தது. டிராவல்ஸ்காரர் எங்களைத் தேடி வந்து விஷயத்தைக் கேட்டார். "பாய், ஒரே ஒரு சுத்துதானே? நாற்காலி கொண்டாரச் சொல்றேன். நடக்க முடியாதவங்களுக்கு அனுமதி இருக்கு" என்றார். இந்த முறை அவர் குரலில் இளக்காரம் இல்லை.

"நடக்க முடியாதவங்களுக்குத்தானே?" என்று தம்பி மேல் வாரைத் தளர்த்தினான். "நகருங்க பாய். வழியில நிக்கிறீங்க."

அதுவரை சுற்றியதற்கு ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் முப்பத்தொரு நிமிடம். என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை. டிராவல்ஸ்காரர் இரண்டு கையையும் விரித்து, கூட்டம் அவன்மேல் மோதாதபடி பின்னாலேயே நடந்துவந்தார். அதன் பிறகு இரு குன்றுகளுக்கு இடையே நடக்க வேண்டிய ஏழு நடைகளை ஓய்வெடுத்து முடித்தான். அவற்றை நான் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்.

ஓய்வெடுத்த இடத்தில், வாடகை நாற்காலியில் இருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருக்கும் ஒரு கால் குட்டை. தம்பியின் செருப்பைத் தொட்டுக் காட்டினார். தம்பி கடை அட்டையைக் கொடுத்து, அதன் பின்பக்கம் ஒரு பாதத்தை வரைந்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடுவது எப்படி என்று தரையில் விரலால் செய்து காட்டினான்.

நான்கு நாள் கழித்து ஊர் சுற்றிப் பார்க்கப் பேருந்து ஏற்பாடாகியிருந்தது. நபிகள் தங்கிய குகை உள்ள மலையடிவாரத்தில் டிராவல்ஸ்காரர், "முடியாதவங்க பஸ்லயே இருங்க" என்றார்.

"பஸ்ஸு எங்க ஊர்லயே இருக்கு" என்று தம்பி தெருச் செருப்போடு இறங்கினான். நான் கீழேயே இருந்துவிட்டேன். ஏற இரண்டு மணி ஐம்பது நிமிடம். பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்ட டிராவல்ஸ்காரருக்குத் தன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனானாம். "நாற்காலி கொண்டாரச் சொல்லவா பாய்?" என்றும் கேட்டானாம்.

ஊர் திரும்பிய மறுவாரம் என் இடுப்புப் பையின் பட்டை அறுந்தது. தைப்பதற்காக உள்துணியைப் பிரித்த தம்பி, எதையோ மேசைமேல் வைத்தான். ஏழாவது மணி. தையல் விட்ட இடத்தில் உள்துணிக்குள் இறங்கியிருக்கிறது. கையிலிருந்து விழவே இல்லை.

நான் தலைகுனிந்து நின்றேன். "என்னை மன்னிச்சிருடா. அநியாயமா ஒரு சுத்து நடக்க வச்சுட்டேன்."

"எதுக்கு மன்னிப்பு? ரெண்டு கால் உள்ளவனெல்லாம் ஏழுதான் சுத்தினான். நோட்டை எடுங்க. எட்டுன்னு எழுதுங்க."

எழுதினேன்.

அதன் பிறகு எங்களுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஏப்ரல் 3 அன்று வந்தது டிராவல்ஸ்காரரின் சுற்றறிக்கை: உடல்நலம் குறைந்தவர்கள் இனி நாற்காலி எடுத்தே ஆக வேண்டும். ஏப்ரல் 19 அன்று வந்தது அவரே கைப்பட எழுதியது: அந்த விதியை நீக்கிவிட்டதாக எழுதி, கையெழுத்துத் தாளின் கீழே தம்பி சேர்த்த வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். தம்பி பதில் போடவில்லை. நேரில் போய் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தான்.

கடைசிக் கடிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பழுப்புத் தாளில் பென்சிலால் சுற்றி வரைந்த இரண்டு பாதங்கள். குட்டைக் காலின் பக்கத்தில், குறையும் உயரத்தைக் காட்ட நறுக்கி ஒட்டிய ஒரு நூல். தம்பி அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்தான். நான்கு சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர். தக்கையை வெட்ட அப்போதே உட்கார்ந்துவிட்டான். கடிதம் வந்து சேர்ந்தது 2018 ஜூன் 27.