சல்கினாய் டாக்டருக்கு எடுத்து வச்ச பங்கு

எனக்குப் பேத்தி பொறந்துட்டா. தூக்கினா என் மீசையத்தான் மொதல்ல புடிக்கிறா. இந்தச் சந்தோஷத்துக்குள்ள ஒருத்தங்க நெனப்பு வந்துக்கிட்டே இருக்கு.

கிர்கிஸ்தான்ல, பிஷ்கெக் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில, வர்றவங்க கழட்டிக் குடுக்குற குளிர் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கிற வேலை எனக்கு. பிரசவம் பாக்குற டாக்டருங்க கை நெறைய இனிப்போட வீட்டுக்குப் போவாங்க. சல்கினாய் டாக்டர் வெறுங்கையோடதான் போவாங்க. பிள்ளை பெத்துக் கிழிஞ்சது, கர்ப்பப்பை எறங்கினது, இருமினா மூத்திரம் போறது, இதையெல்லாம் தச்சுச் சரிபண்றவங்க அவங்க. மாணவருங்க கூட்டமா பின்னாலயே சுத்துவாங்க. ஆனா குணமாகிப் போன பொம்பளைங்க சந்தையில அவங்களைக் கண்டா மொகத்தைத் திருப்பிக்குவாங்க. நின்னு பேசினா, "உனக்கு எப்பிடிடி அவங்களைத் தெரியும்?"னு பக்கத்துல உள்ளவ கேப்பாளே. அதனால டாக்டரே முந்திக்கிட்டு வேற பக்கம் பாத்துக்குவாங்க. கல்யாணம் பண்ணிக்கல. வீட்டுலயும் யாரும் இல்ல.

என் மருமக மீரிமுக்குப் பிரசவத்துல ரொம்பக் கிழிஞ்சுபோச்சு. தச்சு நடக்க வச்சது அவங்கதான். பேத்திக்கு விருந்து வைக்கையில அவங்களைப் பெரிய எடத்துல உக்கார வைக்கணும்னு எனக்கு ஆசை.

மீரிம் அழுதுட்டா. "வேணாம் மாமா. அத்தைமாரு எல்லாம் வருவாங்க. டாக்டரைப் பாத்தாலே தெரிஞ்சுபோயிரும்."

மனசு கேக்கல, டாக்டர்கிட்டப் போயிக் கூப்பிட்டேன்.

"மருமக என்ன சொல்லுது அண்ணே?"

"அழுவுது டாக்டர்"ன்னேன்.

"அப்ப நான் வரல. அது இப்பத்தான் வலி இல்லாம உக்காருது."

விருந்துக்கு ஆடு அடிச்சோம். எங்க வழக்கத்துல கறியோட இடுப்பெலும்பு பெரிய விருந்தாளிக்குத்தான். ரெண்டுல ஒண்ணை எடுத்து வச்சேன். என் மச்சினி விடுவாளா?

"என்ன மச்சான், நொண்டி ஆடா வாங்குனீங்க? ஒரு பக்க இடுப்பைக் காணோம்?"

எல்லாரும் சிரிச்சாங்க.

"வர முடியாத விருந்தாளிக்கு."

"அவ்வளவு பெரிய ஆளு யாரு?"

டீ ஊத்திக்கிட்டிருந்த மீரிமோட கை நின்னுபோச்சு.

"என்கூட வேலை பாக்குறவங்க"ன்னேன். மறுபடி ஊத்த ஆரம்பிச்சா.

எல்லாரும் போனப்புறம் அவளே அந்த எலும்பைத் துணியில சுத்தி, பொரிச்ச ரொட்டியும் வச்சுக் குடுத்தா.

மறுநாள் மாடியில அவங்க அறைக்குக் கொண்டுபோனேன், டாக்டர் பிரிச்சுப் பாத்துச் சிரிச்சாங்க. "நாள் பூரா இடுப்பைத்தானே பாக்குறேன் அண்ணே. திங்கவும் அதேவா?"

"மருமக கட்டிக் குடுத்தது."

சிரிப்பு நின்னுருச்சு. "எம்பேரைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"நல்லது."

அந்த எலும்பு யாருக்குக் கெடைச்சாலும் பக்கத்துல இருக்குறவங்களுக்குக் கறியை அறுத்துக் குடுத்துட்டுத்தான் திங்கணும். டாக்டர் சுத்தி ஒருதரம் பாத்தாங்க. அறையில வேற யாரும் இல்ல. ஒரு துண்டு அறுத்து எங்கிட்ட நீட்டுனாங்க. நின்னுக்கிட்டே தின்னேன். கீழ கோட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, எறங்கிட்டேன்.